லேப்டாப் வாங்கப் போகிறேன், பார்வை குறைந்துகொண்டே வருகிறது: எந்தக் கணினி, எந்த ஸ்கிரீன் ரீடர்?

பேரேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்பி என்கிற விழித்திரை நோய். இரவுப் பார்வை முன்பே போய்விட்டது. இப்போது பக்கப் பார்வையும் போய், நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. திரையைப் பெரிதாக்கும் மேக்னிஃபையரை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மிச்சப் பார்வை இருக்கும்போதே, திரையில் இருப்பதைப் பேச்சாக வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் பழகிவிடுங்கள் என்று டாக்டர் சொல்கிறார்.

வேலை, கணக்கு எழுதுவது. நாள் முழுக்க எக்செல், ஒரு அக்கவுண்டிங் சாஃப்ட்வேர், மெயில், வரி கட்டும் இணையதளங்கள். வேலை முடிந்தால் தமிழில் கதை, கட்டுரை படிக்காமல் தூக்கம் வராது.

புது லேப்டாப் வாங்கலாம் என்றிருக்கிறேன். 17 அங்குலத் திரை நல்லதா? கேமிங் லேப்டாப் மாதிரி சக்தியான கிராபிக்ஸ் வேண்டுமா? ஸ்கிரீன் ரீடரில் ஜாஸா, என்விடிஏவா? ஒரு நண்பர் மேக் வாங்கச் சொல்கிறார். தலை சுற்றுகிறது.


வேகமானி எழுதியது:

நல்ல ஐ7, 32 ஜிபி ரேம், டச் ஸ்கிரீன், 17 அங்குலம். இப்போதெல்லாம் வாய்ஸ் அசிஸ்டன்ட் இருக்கிறதே, வாயால் சொன்னாலே எல்லாம் செய்துவிடும். ஸ்கிரீன் ரீடர் எல்லாம் பழைய காலத்து விஷயம் சார்.


எலிக்குவேலையில்லை எழுதியது:

வேகமானி, நீங்கள் ஒரு மணி நேரம் மானிட்டரை அணைத்துவிட்டு வாய்ஸ் அசிஸ்டன்ட்டிடம் பேசியே ஒரு இருப்புநிலைக் குறிப்பைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறோம்.

பேரேடு, ஸ்கிரீன் ரீடருக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அது திரையைப் படம் பிடித்துப் படிப்பதில்லை. ஒவ்வொரு புரோகிராமும் 'இது ஒரு பட்டன், இதன் பெயர் சேமி, இப்போது இது அழுத்தத் தயார்' என்ற விவரத்தை விண்டோஸ் வழியாகக் கொடுக்கும். அந்த விவரத்தைத்தான் அது பேச்சாக மாற்றுகிறது. பார்வை இன்னும் குறையும் என்றால் பெரிய திரைக்கும் காசைக் கொட்டாதீர்கள். 17 அங்குலத்தால் உங்கள் தோள்பட்டைக்குத்தான் வேலை அதிகம்.

அந்தக் காசையும் கவனத்தையும் கீபோர்டில் போடுங்கள். இனிமேல் மவுஸ் கிடையாது. 10 விரலும் நாள் முழுக்க அங்கேதான். வாங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள்.

எஃப், ஜே எழுத்துகளில் மேடு நன்றாகத் தட்டுப்படுகிறதா? மேல்வரிசை எஃப்1 முதல் எஃப்12 வரை நான்கு நான்காக இடைவெளி விட்டிருக்கிறதா, இல்லை ஒரே சங்கிலியாக இருக்கிறதா? இடைவெளி இருந்தால் எஃப்5 எது, எஃப்9 எது என்று விரல் தானாகக் கண்டுபிடிக்கும். ஹோம், எண்ட், பேஜ்அப், பேஜ்டவுன் தனி விசைகளா, இல்லை எஃப்என்னோடு சேர்த்து அழுத்த வேண்டியவையா? எக்செல்லில் நாளுக்கு எத்தனை முறை கன்ட்ரோல்+ஹோம் அடிப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அம்புக்குறி விசைகள் மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சில மாடல்களில் பவர் பட்டனை டெலீட் விசைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். யார் யோசனையோ தெரியவில்லை, நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஸ்கிரீன் ரீடர் கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்த வேண்டிய இன்சர்ட் விசை பல லேப்டாப்புகளில் எஃப்என்னுக்குள் ஒளிந்திருக்கும். அதற்குக் கவலை வேண்டாம், என்விடிஏ, ஜாஸ் இரண்டிலும் கேப்ஸ்லாக்கை மாற்றாக வைத்துக்கொள்ளலாம். வலது கிளிக்குக்கான மெனு விசையும் இப்போது அருகி வருகிறது. 2024-க்குப் பிறகு வந்த பல மாடல்களில் அந்த இடத்தில் கோபைலட் விசை உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட்+எஃப்10 அதே வேலையைச் செய்யும்.


ஒலிப்பேழை எழுதியது:

எலி சொன்னதோடு காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருந்தால், மடியில் வைத்ததும் பேச்சு அமுங்கிப்போகும்.

ப்ளூடூத் ஹெட்போன் வேலைக்கு ஆகாது என்பது என் கட்சி. பல மாடல்களில் விசையை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே 100, 200 மில்லிநொடி தாமதம் இருக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. வரிவரியாக அம்புக்குறியில் இறங்கிக்கொண்டு போகிறவருக்கு ஒவ்வொரு அடியிலும் இடறும். அதோடு, சத்தம் இல்லாத நேரத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஆடியோ தூங்கிவிடும். திரும்ப விழிக்கும்போது முதல் அசையை விழுங்கிவிடும். 'இருபத்தைந்து' என்பது 'பத்தைந்து' என்று கேட்டால் கணக்கு எழுதுகிறவர் கதி என்ன? புதிய என்விடிஏவில் ஆடியோவைத் தூங்கவிடாமல் வைக்க ஒரு அமைப்பு உண்டு. அதற்கும் மேல், 3.5 மிமீ ஹெட்போன் துளை உள்ள மாடலாக எடுங்கள். வயர்தான் நிம்மதி.

ஒரு காதுக்கு மட்டும் மாட்டுகிற ஹெட்செட்டும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்க வேண்டுமே.


பேரேடு எழுதியது:

நான் கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இதுதான் எனக்குத் தேவைப்பட்ட பதில் போலிருக்கிறது. நம்பர்பேடு உள்ள கீபோர்டுதான் எனக்குப் பழக்கம். அது சரிதானே? ரேம் எவ்வளவு?


எலிக்குவேலையில்லை எழுதியது:

16 ஜிபி போதும், 8-இலும் ஓடும். எஸ்எஸ்டி கட்டாயம். புராசஸர் ஐ5 அளவில் எதுவானாலும் சரி. விண்டோஸ் 11 ஓடுவதாக இருக்க வேண்டும், ஏனென்றால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய மெஷினைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.

ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் புராசஸர் லேப்டாப்புகளில் பேட்டரி நன்றாக நிற்கும், என்விடிஏவும் ஓடும். ஆனால் உங்கள் பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றுக்கு ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். கணக்கு வேலையில் டோக்கன் உண்டு என்றால் இன்டெல், ஏஎம்டி பக்கமே இருங்கள்.

நம்பர்பேடு விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். என்விடிஏ, ஜாஸ் இரண்டும் 'டெஸ்க்டாப்' என்ற விசை அமைப்பில் நம்பர்பேடைத் தங்கள் கட்டளைகளுக்கு எடுத்துக்கொள்ளும். என்விடிஏவில் நம்லாக் போட்டிருந்தால் எண் விழும், அணைத்திருந்தால் அது கட்டளை. எண் அடிப்பதே பிழைப்பு என்பவர் லேப்டாப் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நம்பர்பேடை எண்ணுக்கு மட்டும் விட்டுவிடுவது நல்லது. லேப்டாப்பில் நம்பர்பேடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டிலும் ஆபீசிலும் ஒரே மாதிரி யூஎஸ்பி கீபோர்டு ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள், கை மாறாது.


மேசைக்காரன் எழுதியது:

ஸ்கிரீன் ரீடருக்கு வருவோம். நான் ஜாஸ் ஆள். ஆபீஸ் வாங்கிக் கொடுத்தது, நெடுங்காலப் பழக்கம்.

டெட் ஹெண்டர் என்கிற பார்வையற்றவர் தொடங்கியது அது. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர், 1978-இல் கார் விபத்தில் பார்வை போனது. 1989-இல், விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்கும் 1995-இல் விண்டோஸுக்கும் ஜாஸ் வந்தது. இன்று விஸ்பெரோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இவ்வளவு காலமாக ஆபீஸ் சாஃப்ட்வேர்களோடு மல்லுக்கட்டி வந்ததன் பலன் அதில் தெரியும். எக்செல்லில் எந்த வரிசை தலைப்பு, எந்த நெடுவரிசை தலைப்பு என்று சொல்லி வைத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் தலைப்போடு சேர்த்து வாசிக்கும். பேசாத சாஃப்ட்வேரைப் பேச வைக்க ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் எழுதலாம். தொலைவில் உள்ள கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்யவும் வழி உண்டு.

உரிமம் காசு கொடுத்து வாங்க வேண்டும், அது சின்னத் தொகையும் அல்ல. வாங்கும் முன் பார்க்க 40 நிமிட முறை இருக்கிறது. 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி 40 நிமிடம்.


விரல்நுனி எழுதியது:

மேசைக்காரன் அண்ணா, எக்செல் தலைப்பு வாசிப்பதை என்விடிஏவும் செய்யும். நீங்கள் சொல்கிற விதம் ஜாஸுக்கு மட்டும் கைவந்த வித்தை போலக் கேட்கிறது.

பேரேடு, என்விடிஏ இலவசம். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்க, ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். அவருக்கும் பார்வை இல்லை. நல்ல ஸ்கிரீன் ரீடர் வாங்கக் காசு இருப்பவருக்கு மட்டும்தான் கணினியா என்ற கோபத்தில் பிறந்த பொருள் அது. மூலநிரல் திறந்தது. மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். யூஎஸ்பியில் போட்டு எடுத்துப்போய் எந்த விண்டோஸ் கணினியிலும் செருகிப் பேசவைக்கலாம். 2025.1 பதிப்பிலிருந்து தொலைவில் இருக்கும் நண்பர் உங்கள் கணினிக்குள் வந்து உதவுகிற வசதியும் உள்ளேயே வந்துவிட்டது. புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த ஒன்றே பெரிய விஷயம்.

வெப்எய்ம் அமைப்பு 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் எடுத்த கருத்துக்கணிப்பில், முதன்மையாக ஜாஸ் பயன்படுத்துவோர் 40.5 சதவீதம், என்விடிஏ 37.7 சதவீதம், மேக்கின் வாய்ஸ்ஓவர் 9.7 சதவீதம். ஏறக்குறைய தோளோடு தோள்.


மேசைக்காரன் எழுதியது:

தம்பி, நான் என்விடிஏவைக் குறை சொல்லவில்லை. என் கணினியிலும் அது இருக்கிறது. ஜாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதுதான் கை கொடுக்கிறது. எதிர்த்திசையிலும் அப்படித்தான். ஒன்றோடு கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்றுதான் சொல்ல வந்தேன். கல்யாணம் செய்தவர்களின் கதை தெரியும்தானே? விண்டோ-ஐஸ் என்று ஒரு ஸ்கிரீன் ரீடர் இருந்தது, 2017-இல் கடையை மூடிவிட்டார்கள். அதையே நம்பி அதன் விசைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் திரும்ப அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள்.

ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் ஓட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து பேசினால் சந்தைக்கடைதான்.


விரல்நுனி எழுதியது:

சரி அண்ணா, சமாதானம். :)

பேரேடு, இந்தச் சண்டையைத் தீர்ப்பது நாங்கள் இல்லை, உங்கள் அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்தான். எக்செல், மெயில், பிரவுசர் மூன்றும் எதில் வேண்டுமானாலும் நன்றாகப் பேசும். அந்த ஒன்றுதான் சந்தேகம். லேப்டாப் வாங்குவதற்கு முன்னாலேயே இதைப் பாருங்கள்: என்விடிஏவை இறக்கி, 'போர்ட்டபிள்' பிரதி ஒன்றை யூஎஸ்பியில் உருவாக்குங்கள். ஆபீஸ் கணினியில் ஐடி ஆட்களிடம் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள். சாஃப்ட்வேரைத் திற, டேப் விசையை அழுத்திக்கொண்டே போ. ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் சொல்கிறதா? அட்டவணையில் அம்புக்குறியை அழுத்தினால் கட்டத்தின் எண்ணைச் சொல்கிறதா? அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு ஓடும் ஜன்னல்களை மட்டும் போர்ட்டபிள் பிரதியால் வாசிக்க முடியாது. அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓடுகிற சாஃப்ட்வேர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். ஸ்கிரீன் ரீடர் உங்கள் பக்கம் மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்துத் திரை முழுக்க அதற்கு வெறும் ஒரு படம்.


தோட்டத்துஆப்பிள் எழுதியது:

மேக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். வாய்ஸ்ஓவர் 2005-இல் டைகர் பதிப்போடு வந்தது, அன்றிலிருந்து கணினியோடு சேர்த்தே கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்து, ஆன் செய்து, கமாண்ட்+எஃப்5 அழுத்தினால் பேசும். யார் உதவியும் வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறேன், எனக்கு இதைவிட நல்லது இல்லை.

ஆனால் பேரேடு அவர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க எக்செல், அதோடு விண்டோஸில் மட்டும் ஓடுகிற அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் என்றால் மேக் உங்களுக்கு இரட்டை வேலை. உங்கள் நண்பர் எக்செல்லில் எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.


வேகமானி எழுதியது:

பெட்டியைப் பிரித்ததும் பேசுவது விண்டோஸிலும் உண்டா? ஆர்வத்தில்தான் கேட்கிறேன்.


விரல்நுனி எழுதியது:

உண்டு. விண்டோஸ் லோகோ+கன்ட்ரோல்+என்டர். விண்டோஸோடு சேர்ந்தே வரும் ஸ்கிரீன் ரீடரான நேரேட்டர் பேசத் தொடங்கும். புதுக் கணினியின் முதல் அமைப்புத் திரையிலேயே வேலை செய்யும். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலும் இதை அழுத்தி ஸ்பீக்கரையும் கீபோர்டையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடலாம். விற்பனையாளர் பயந்துபோய் ஓடிவருவார், அது தனி வேடிக்கை. ஒரு காலத்தில் நேரேட்டர் என்றால் சிரிப்போம். இப்போது மெயில், பிரவுசர் வரைக்கும் அதை வைத்தே ஒருவர் காலம் தள்ளலாம்.


பென்குயின்பிரியன் எழுதியது:

லினக்ஸில் ஆர்கா என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது என்பதைப் பதிவு செய்துவிட்டுப் போகிறேன். நோம் டெஸ்க்டாப்பில் ஆல்ட்+சூப்பர்+எஸ். பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் இதில் உயிர் கொடுக்கலாம். முதல் கணினியாக, அதுவும் வேலைக்கு, நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கட்சிக்காரர்கள் மன்னிக்கவும்.


ஆறுபுள்ளி எழுதியது:

தமிழ் வாசிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

பேரேடு, என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. இயந்திரக் குரல்தான், முதலில் கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் உடையாது. விண்டோஸில் தமிழ்க் குரலைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு ஆண் குரல் வரும். கதை கேட்க அது இதம். என்விடிஏவில் இரண்டையும் பயன்படுத்தலாம். ஆங்கிலக் குரல் மட்டும் வைத்திருந்தால் தமிழ் வந்த இடத்தில் சில குரல்கள் அப்படியே மௌனமாகிவிடும். பக்கம் காலி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

என் ஏற்பாடு: வேலைக்கு ஒரு புரொஃபைல், தமிழ் வாசிப்புக்கு ஒரு புரொஃபைல். என்விடிஏ+கன்ட்ரோல்+பி அழுத்தினால் (என்விடிஏ விசை என்பது இன்சர்ட் அல்லது கேப்ஸ்லாக்) புரொஃபைல் ஜன்னல் வரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல், தனி வேகம் வைத்து, ஒரு விசையில் மாற்றிக்கொள்கிறேன்.

அடுத்த தலைவலி பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் அடித்த ஃபைல்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லை ஸ்கிரீன் ரீடர் 'ஜே கே பி ஓ செமிகோலன்' என்று வாசிக்கும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு, வேர்டு ஃபைல் என்றால் அதில் போட்டு மாற்றிவிடலாம். பிடிஎஃப் இன்னும் மோசம். யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறி வரும். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் என்றால், படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓசிஆர்தான் வழி. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே பிரித்தெடுக்கிறது. டெஸராக்ட் என்ற இலவச நிரலுக்கும் தமிழ் தெரியும்.

தமிழில் எழுதவும் செய்வீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள், விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது. எழுதியதைச் சரிபார்க்கும்போது ர-ற, ன-ந குழப்பம் காதுக்குப் பிடிபடாது. எழுத்தெழுத்தாக நகர்ந்து பார்க்க வேண்டும். திரையில் உள்ளதை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாகக் காட்டும் பிரெய்ல் டிஸ்பிளே வைத்திருக்கிறேன், அதில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி. எண்களுக்கும் அதுதான் என் நம்பிக்கை. காது களைத்துப்போன மாலை நேரத்தில் ஆங்கிலக் குரலில் சிக்ஸ்டியும் சிக்ஸ்டீனும் குழம்பினாலும், 60,000-க்கும் 16,000-க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். இப்போதே வாங்க வேண்டாம். பிரெய்ல் கற்றுக்கொள்ள ஆசை வந்தால் 20 எழுத்துக் கட்டம் உள்ள சின்னது போதும் தொடங்க.


மங்கல் எழுதியது:

எனக்கும் அதே ஆர்பிதான். உங்களைவிடச் சில படி முன்னால் போய்விட்டேன்.

மிச்சப் பார்வை இருக்கும்போது பழகுவதில் ஒரு தொல்லை, கண் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். ஸ்கிரீன் ரீடர் சொல்வதற்குள் எட்டிப் பார்க்கத் தோன்றும், பிறகு தலைவலி. என்விடிஏவில் திரைச்சீலை (ஸ்கிரீன் கர்ட்டன்) என்று ஒன்று இருக்கிறது, என்விடிஏ+கன்ட்ரோல்+எஸ்கேப். திரை முழுக்க இருண்டுவிடும், பேச்சு மட்டும் இருக்கும். மேக்னிஃபையரை அணைத்துவிட்டு இதைப் போடுங்கள். மெயிலை மட்டும் முதலில் இப்படிப் படியுங்கள். அப்புறம் எக்செல். வேலை அவசரம் என்றால் வெட்கப்படாமல் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் சம்பள விவரத்தை எட்டிப் பார்க்க முடியாது என்பது கூடுதல் லாபம்.

பெரிதாக்குவதும் பேச்சும் சேர்ந்தே வேண்டும் என்றால் ஜாஸையும் ஜூம்டெக்ஸ்டையும் சேர்த்த ஃப்யூஷன் என்று ஒரு பொருள் விஸ்பெரோவிடமே இருக்கிறது. ஆபீஸ் வாங்கித் தருவதானால் கேளுங்கள்.

வேகத்தைப் பற்றி: இங்கே சிலர் கேட்கும் வேகத்தில் உங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் காது தானே வந்துசேரும்.


பேரேடு எழுதியது:

யூஎஸ்பி சோதனை செய்துவிட்டேன். எக்செல் அருமை. மெயில், வரித் தளம் எல்லாம் சரி. வரித் தளத்தில் எச் அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவுகிறது, எஃப் அழுத்தினால் நிரப்ப வேண்டிய கட்டத்துக்கே போய்விடுகிறது. கண்ணால் இவ்வளவு சீக்கிரம் தேடியதில்லை.

அக்கவுண்டிங் சாஃப்ட்வேரில் மெனு பேசுகிறது, வவுச்சர் கட்டங்களில் பாதிக்குப் பெயர் இல்லை. வெறும் 'எடிட்' என்கிறது. அறிக்கை அட்டவணையில் ஒரு சத்தமும் இல்லை.


மேசைக்காரன் எழுதியது:

எதிர்பார்த்ததுதான். அந்த அட்டவணையை சாஃப்ட்வேர் செய்தவர்களே வரைந்திருப்பார்கள். விண்டோஸுக்கு விவரம் கொடுத்திருக்க மாட்டார்கள். மூன்று வழி. அறிக்கையை எக்செல்லுக்கு ஏற்றுமதி செய்து அங்கே படிப்பது, பலருடைய பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது. அடுத்தது, ஜாஸ் 40 நிமிட முறையில் அதே திரையைத் திறந்து பார்ப்பது. அதிலும் ஊமை என்றால் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பெயரில்லாத கட்டங்களுக்குப் பெயர் ஒட்டுவது அவர்களுக்குச் சின்ன வேலை. மூன்றாவது, சாஃப்ட்வேர் செய்த நிறுவனத்துக்கு எழுதுவது. 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதாதீர்கள். எந்தத் திரை, எந்தக் கட்டம், எந்த ஸ்கிரீன் ரீடர், என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். புரோகிராமர் கையில் போய்ச் சேரும்.


வேகமானி எழுதியது:

அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏஐயிடம் கொடுத்தால் படித்துவிடாதா? இந்த முறை கிண்டலுக்குக் கேட்கவில்லை.


எலிக்குவேலையில்லை எழுதியது:

நல்ல கேள்வி. ஜாஸில் பிக்சர் ஸ்மார்ட் என்று உள்ளேயே இருக்கிறது, என்விடிஏவுக்கு ஆட்-ஆன்கள் உண்டு. படத்தில் என்ன இருக்கிறது, எந்த மூலையில் பட்டன் இருக்கிறது என்று கேட்க நான் தினமும் பயன்படுத்துகிறேன். எண்களுக்கு மட்டும் நம்ப மாட்டேன். ஒரு பூஜ்யம் விட்டுப்போனாலும் அதே தன்னம்பிக்கையோடு பதில் சொல்லும். அப்புறம், அது வாடிக்கையாளரின் கணக்கு. யாரைக் கேட்டு வெளி சர்வருக்கு அனுப்புகிறீர்கள் என்ற கேள்வி வரும்.


பேரேடு எழுதியது:

லேப்டாப் வாங்கிவிட்டேன். 14 அங்குலம், தனி ஹோம்-எண்ட், ஹெட்போன் துளை, வெளியே ஒரு யூஎஸ்பி கீபோர்டு. இப்போதைக்கு என்விடிஏ, அறிக்கைகள் எக்செல் வழியாக. ஜாஸில் அந்த அட்டவணை பாதி பேசியது. ஆபீஸில் கேட்டிருக்கிறேன், உரிமம் வந்தால் ஸ்கிரிப்டைப் பார்க்கலாம்.

ஒரு சந்தேகம். ஏற்றுமதி செய்த எக்செல்லில் மொத்தம் சரியாக வருகிறது, ஆனால் நான் காதால் கேட்டுக் கூட்டினால் எப்போதும் அதிகமாக வருகிறது. என்விடிஏ எண்களைத் தப்பாக வாசிக்கிறதா?


மேசைக்காரன் எழுதியது:

உங்கள் ஃபைலில் கழித்தல் எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றனவா? கணக்கில் அப்படித்தானே போடுவோம்.


பேரேடு எழுதியது:

ஆமாம்! அடைப்புக்குறிதான்.


விரல்நுனி எழுதியது:

அதுதான். என்விடிஏவில் குறியீட்டு அளவு தொடக்கத்தில் 'சில' என்று இருக்கும், அந்த அளவில் அடைப்புக்குறியை வாசிக்காது. 4,500 வரவும் 4,500 செலவும் ஒரே மாதிரி கேட்கும். என்விடிஏ+பி அழுத்தி அளவைக் கூட்டலாம், ஆனால் கூடவே மற்ற எல்லாக் குறிகளையும் வாசித்துக் காதைப் புண்ணாக்கும். அதைவிட, என்விடிஏ மெனு, விருப்பங்கள், குறியீட்டு உச்சரிப்பு ஜன்னலில் இடது அடைப்புக்குறியைத் தேடி அதற்கு மட்டும் அளவை 'ஒன்றுமில்லை' என்று மாற்றுங்கள். பெயர் குழப்பும், ஆனால் அந்த அளவில் வைத்த குறியை எப்போதும் வாசிக்கும். மாற்றுப் பெயராக 'கழித்தல்' என்றே போடலாம், ஆனால் சாதாரணக் கடிதத்தில் வரும் அடைப்புக்குறியும் கழித்தல் ஆகிவிடும். எக்செல்லுக்கென்று தனி புரொஃபைல் வைத்தாலும் இந்த அகராதி எல்லாவற்றுக்கும் பொது என்பதால் நான் 'அடைப்பு' என்று வைத்திருக்கிறேன்.


மேசைக்காரன் எழுதியது:

இல்லையென்றால் எக்செல்லிலேயே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+1 அழுத்தி, எண் வடிவத்தில் முன்னால் கழித்தல் குறி வரும் வகையை எடுங்கள். கழித்தல் குறியை எந்த அளவிலும் வாசிக்கும். சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டுகிற வடிவம் ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கும், குறியே இல்லாமல். யாராவது அந்த வடிவத்தில் ஃபைல் அனுப்பினால் அதையும் இதே கன்ட்ரோல்+1 வழியில் மாற்றிக்கொள்ளுங்கள்.


பேரேடு எழுதியது:

கன்ட்ரோல்+1 வேலை செய்தது. மொத்தம் ஒத்துப்போகிறது. போன மாத ஃபைல்களையும் இப்போது ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.